மேலே ஒருவர், கீழே ஒருவர்

தெருவில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். கப்பல் என்றதும் வெள்ளைச் சட்டை, தொப்பி, தொலைநோக்கி என்று கற்பனை பண்ணிக்கொண்டு பேச வருகிறவர்களிடம், "நான் மேல்தட்டு ஆளு இல்லீங்க, அடியில கிடந்தவன்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. அங்கே பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். கடலில் வேலை பார்த்தாரே தவிர, கடலை நின்று பார்த்தது கொஞ்சம்தான். மீசை அரும்பிய வயதில் போனவர், தலை முழுக்க நரைத்து ஓய்வு பெற்ற பிறகுதான் முழுசாக வீடு வந்து சேர்ந்தார்.

அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்ததெல்லாம் விடுமுறைக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, சில வாரங்கள். அந்த வாரங்களில் அவருக்கு வீட்டில் ராஜ உபசாரம் நடக்கும். புதுத் துண்டு வெளியே வரும், நல்ல தட்டு வெளியே வரும், மகள் மடியை விட்டு இறங்க மாட்டாள். கப்பலுக்குக் கிளம்பும்போது மூன்று பேரும் அழுவார்கள். அடுத்த வாரமே துண்டும் தட்டும் அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது வந்தவர் கிளம்பவில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவியும்தான். முதல் மாதம் துண்டும் தட்டும் வெளியே இருந்தன. பிறகு விருந்தாளி ஊருக்குப் போகிற வழியாகத் தெரியவில்லை என்றால் ஒரு வீடு எப்படித் திணறுமோ அப்படித் திணற ஆரம்பித்தது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று அவருக்குத் தெரியாது. குடித்த கப்பைக் கழுவி ஒரு இடத்தில் வைப்பார். திரும்பி வந்து பார்த்தால் அது வேறு இடத்தில் இருக்கும். அவள் முகம் சுளிக்க மாட்டாள், சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்துவிடுவாள். மனைவிக்குக் காலையில் மருந்துக்கடையில் வேலை. மத்தியானம் வருவாள். அவள் வருகிற நேரத்துக்கு அவர் எழுந்து வேறு அறைக்குப் போவதும், அவர் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போவதுமாக, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நாள் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அந்த வண்டியை வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய பழைய கேரவன். கப்பலின் ஒடுங்கிய கட்டிலில் படுத்துக்கொண்டு பல வருஷம் அவர் போட்டு வைத்திருந்த கணக்கு அது. ஓய்வு கிடைத்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு ரோடு ரோடாகப் போக வேண்டும்; நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும்; சுற்றிலும் ஜன்னல் இருக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஒரே ஒரு தடவை போனார்கள். இரண்டு ராத்திரியும் அவள் புரண்டு புரண்டு படுத்தது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை, "வீட்டுக்குப் போலாமா? எனக்கு வீடே போதும்னு தோணுது" என்றாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அது வீட்டின் பக்கச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறது.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று முதலில் தினமும் போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். போன இடத்தில் ஒரு நாள் மத்தியானம் கண்ணசந்தார். கட்டில் அகலம் கப்பல் கட்டிலைப் போலவே இருந்தது. கை நீட்டினால் சுவர். வீட்டு மெத்தையில் வராத தூக்கம் அங்கே வந்தது. பிறகு தலையணை போயிற்று, சவர சாமான் போயிற்று, ஒரு ராத்திரி அவரும் போய்விட்டார். மகள் போனில் கேட்டதற்கு மனைவி, "அப்பா வண்டியில இருக்காரு" என்றாள்.

"வண்டியில எங்க போயிருக்காரு?"

"எங்கயும் போகல. வண்டியில இருக்காரு."

மகளுக்கு அது விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கிய பிறகு அவளும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

வெயில் காலம் வந்தபோது வண்டி கொதிக்க ஆரம்பித்தது. தகரக் கூரை, காலை பத்து மணிக்கெல்லாம் உள்ளே மூச்சு முட்டும். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு சதுரமான திறப்பு உண்டு. அதற்குப் பிளாஸ்டிக் மூடி. உள்ளேயிருந்து சின்னக் கைப்பிடியைச் சுற்றினால் மூடி மெதுவாக எழும்பும், சூடெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். மழைக்காலத்தில் மூடி வைத்தது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றினார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அதுவும் பிடிவாதமாக நின்றது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆள் உயர வால்வுகளைத் திருகிப் பழகிய மணிக்கட்டு. ஒரு முறுக்கு முறுக்கினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கைப்பிடி வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. மூடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏதோ பல் போய்விட்டது என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டிலில் ஏறி நின்று, நாலு திருகாணியைக் கழற்றி, ஓரச் சட்டத்தை எடுத்து, கொசுவலையை எடுத்துப் பார்த்தார். கைப்பிடிக்குப் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு பல்சக்கரம். பாதிப் பல் தூளாகி அவர் கண்ணில் விழுந்தது. எவ்வளவு பெரிய இயந்திரத்துக்கெல்லாம் நேரம் தவறாமல் எண்ணெய் போட்ட மனுஷன், தலைக்கு மேலே இருந்த இதற்கு ஒரு சொட்டு விட்டதில்லை. "நல்ல லட்சணம்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சக்கரம் போனால் போகிறது, கையாலேயே தள்ளித் திறந்து குச்சி வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளங்கையால் தள்ளினார். கூரைதான் லேசாக விம்மியது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெயிலில் உருகிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. கைப்பிடி சுற்றாமல் நின்றதற்குக் காரணமே அதுதான். வெளியே போய், பின்பக்க ஏணியில் ஏறி, கூரையில் ஒரு பலகையைப் போட்டு மண்டியிட்டார். சுவரில் பட்டி பூசுகிற மெல்லிய தகட்டை மூடிக்கு அடியில் விட்டு அறுத்தார். தகடு நகர நகரப் பின்னாலேயே ரப்பர் பழையபடி ஒட்டிக்கொண்டது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேலேயிருந்து ஒருவர் அறுக்கும்போது, கீழேயிருந்து ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலில் இது ஒரு வேலையே இல்லை. குழாயைத் தட்டினால் யாராவது வந்து நிற்பான். பெயர்கூடத் தெரியாத பையனாக இருப்பான், பேசுகிற மொழி வேறாக இருக்கும். ஆனால் ஆள் வருவான்.

இங்கே ஆளுக்குப் பதிலாகத் துடைப்பக் கட்டையை நிறுத்திப் பார்த்தார். கட்டில் மேல் போர்வையை மடித்து வைத்து, அதன் மேல் கட்டையை ஊன்றி, மறுமுனையை மூடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஏணி ஏறினார். மேலே போய் தகட்டை விட்டதும் கீழே கட்டை சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. இறங்கினார், நிறுத்தினார், ஏறினார். மறுபடியும் விழுந்தது. அடுத்த தடவை ஏறும்போது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூரை மேலிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் கொஞ்சம் கீழே, நேர் எதிரே தெரிந்தது. மனைவி கடையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். மேடையில் சாய்ந்து நின்றபடி, தட்டில்கூடப் போடாமல் பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டே, ரேடியோவில் யாரோ சொன்னதற்குத் தனக்குள் சிரித்தாள். ஏதோ பதில்கூடச் சொன்னாள்.

அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு சாப்பிடும்போது அவள் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருவாள். குழம்பு போதுமா என்று கேட்பாள், போதும் என்பார். இந்தச் சிரிக்கிற, காலைச் சொறிகிற பெண்ணை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். இதற்கு நடுவில் போய் நிற்பது அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. ஏணியில் சத்தம் வராமல் இறங்கினார்.

முதலில் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போனார். அவர் மெஷினை விட்டு எழாமலே விஷயத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வரக்கூடாதுன்னு இல்ல. இடுப்பு பிடிச்சுக்கிட்டு கையத் தூக்க முடியல. ஒரு கை புடிக்கணும், அவ்வளவுதானே? வீட்டுல கூப்பிடுங்களேன்."

"அவங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் கப்பல்காரர்.

தையல்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் கப்பல்காரர் திரும்பி வந்துவிட்டார்.

சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் தட்டினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, சொந்த வீட்டுல யாராவது கதவைத் தட்டுவாங்களா?"

"ஒரு சின்ன வேலை. கை கொடுத்தா தேவலை. வண்டியில மேல மூடி ஒட்டிக்கிச்சு."

"நான் வந்ததுலேர்ந்து ஏறி இறங்குற சத்தம் கேக்குது. அதானா?"

ரேடியோவை நிறுத்தினாள். கையைக் கழுவி, முடியைத் தூக்கி முடிந்துகொண்டு வந்தாள். அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு அவள் வண்டிக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. எதுவும் உருண்டு விழாதபடி கம்பி போட்டுத் தடுத்த அலமாரி. கொக்கியில் ஒற்றைக் கப்பு.

"ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணு போதுமே."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, இரண்டு கையையும் தூக்கி மூடியில் வைத்தாள். அவர் மேலே போனார்.

"தள்ளு."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வலது பக்கம் தள்ளு."

"யாரோட வலது? நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, வேலிப் பக்கம்."

"அப்படிச் சொல்லுங்க."

மூடி மங்கலான பிளாஸ்டிக். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு உள்ளங்கைகள் மட்டும் வெளிறித் தெரிந்தன. அவர் தகட்டை ஓட்டினார். ரப்பர் ஜவ்வாக இழுத்தது.

"தகடு சூடா இருந்தா வழுக்கிக்கிட்டுப் போகும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "தண்ணித் தொட்டி மூடி ஒரு தடவை இப்படித்தான் ஒட்டிக்கிச்சு."

"எப்ப?"

"நீங்க இல்லாதப்ப."

"யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? நான்தான்."

அவர் கை நின்றது. தொட்டி மொட்டை மாடிக்கும் மேலே, தனி மேடையில் இருக்கிறது. அங்கே ஏற அவருக்கே யோசனையாக இருக்கும்.

"ஏணியை யாரு புடிச்சா?"

"ஆள் இல்ல. குழாயோட சேத்துக் கயிறு போட்டுக் கட்டிட்டு ஏறுனேன். குழந்தை பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றதுக்குள்ள இறங்கிடணும்னு அதுதான் பயமா இருந்துச்சு. வந்து பாத்தா அழுவாளே."

"ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

"போன் வர்றதே அஞ்சு நிமிஷம். சாப்பிட்டியான்னு கேப்பீங்க, சாப்பிட்டேம்பேன். குழந்தை பேசணும். அதுக்குள்ள தண்ணித் தொட்டியப் பத்தியா பேசுவாங்க?"

அவள் இறங்கி, அவருடைய அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்து, கதவு வழியாகச் சட்டியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போய்த் தகட்டை முக்கி முக்கி அறுத்தார். அவள் சொன்னபடியே வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தபோது, கீழே அவள் கைகளும் கூடவே நகர்வது தெரிந்தது.

முகம் தெரியாததால்தானோ என்னவோ, இத்தனை மாதம் வராத கேள்வி அப்போது வந்தது.

"நான் இங்கயே வந்துட்டது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தகட்டை நனைத்தார்.

"கஷ்டம்னு இல்ல" என்றாள் கடைசியில். "பழக்கமில்ல. நீங்க கூடத்துல உக்காந்திருந்தா ஏதாவது பேசணுமேன்னு இருக்கும். என்ன பேசன்னு தெரியாது. உள்ள போயி பாத்திரம் கழுவுவேன். கழுவுனதையே எடுத்து மறுபடியும் கழுவியிருக்கேன்."

"எனக்கும் அங்க எங்க உக்காரணும்னு புரியல."

"நாற்காலி இருக்கே."

"நாற்காலி இருக்கு."

அவர் கடைசிப் பக்கத்துக்கு நகர்ந்தார்.

"முதல் நாள் ராத்திரி இங்க படுக்க வந்தீங்கல்ல, போர்வை எடுத்துட்டு படி வரைக்கும் வந்தேனே" என்றாள். "எதுக்கு, வீட்டுலயே படுத்துக்கிறேன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். வாங்கிக்கிட்டீங்க."

அவருக்கு அந்த ராத்திரி நன்றாக நினைவிருந்தது. மடித்த போர்வையை நீட்டியவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேவையானதை எல்லாம் கொடுத்து மரியாதையாக வழியனுப்புகிறாள் என்றுதான் அன்று நினைத்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கடைசி ஓரம் பிய்ந்து, மூடி எகிறித் திறந்துகொண்டது. உள்ளே அடைந்து கிடந்த சூடு மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது.

சதுரத் துவாரத்துக்குள் அவள் அண்ணாந்து நின்றாள். தலையெல்லாம் ரப்பர் துணுக்கு, நெற்றியில் வியர்வை. அவர் குனிந்து பார்த்தார். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவ்வளவு நேரம் பேசிய வாய் இரண்டும் இப்போது அடைத்துப்போயிற்று.

"கண்ணுல தூசி" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "ரப்பர்ல பவுடர் தடவி வைங்க. இனிமே ஒட்டாது. கடையிலேர்ந்து ஒரு டப்பா கொண்டாரேன்."

"சரி."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ரேடியோ சத்தம் கேட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்குள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போர்வை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்ததும் பேச்சு முன்பு போலவே நொண்டியது. சாப்பிட்டு முடித்து, "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வண்டிக்கே போய்ப் படுத்தார். அந்த 'வரட்டுமா'வைக் கேட்டு அவள் ஒரு நொடி நின்றது போல இருந்தது. அது அவருடைய எண்ணமாகவும் இருக்கலாம்.

பவுடர் டப்பா மறுநாள் வண்டிப் படியில் இருந்தது. புதுப் பல்சக்கரம் வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அதை மாட்டுவது ஒற்றை ஆள் வேலை, ஒரு சிகரெட் புகைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை எண்ணெய் விட்டுத்தான் மாட்டினார். மாட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். எதுவும் சிக்கவில்லை. இனி இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்று நினைத்தபோது, வேலை முடிந்த சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது.

மூடி திறந்திருப்பதால் இப்போது வீட்டுச் சத்தம் மேல் வழியாக உள்ளே வருகிறது. அடைத்துக் கிடந்தபோது எதுவும் கேட்டதில்லை. படுத்துக்கொண்டே கேட்பார். குழாய் திறக்கிற சத்தம், அலமாரிக் கதவு, மகளிடம் போனில் பேசுகிற குரல், நடுவே ரேடியோவோடு அவள் பேசிக்கொள்வது. இன்ன சத்தத்துக்குப் பின்னால் இன்ன சத்தம் வரும் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஓடுகிற இயந்திரத்தில் எது எங்கே இருக்கிறது என்று காதாலேயே தெரிந்துகொள்கிற பழக்கம். அது மட்டும் விட்டுப்போகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கூரை வழியாக அவள் குரல் நேராகவே விழுந்தது.

"என்னங்க, டீ போடட்டுமா?"

"போடு" என்று படுத்த வாக்கிலேயே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

எழுந்து போனார். அவள் நாற்காலியைக் காட்டவில்லை. மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு குடித்தாள். அவரும் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"கப்பல்ல டீ யாரு போடுவா?" என்று கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்காத கேள்வி.

"அவனவன் போட்டுக்கணும். சக்கரை டப்பாவை மட்டும் சமையல்காரன் பூட்டி வச்சிருப்பான்."

"எதுக்கு?"

"திருடிருவோம்னு."

"திருடுவீங்களா?"

"நான் இல்ல" என்றார். பிறகு, "ஒரு தடவை" என்றார்.

அவள் உதட்டோரம் லேசாக மடிந்தது. மேற்கொண்டு எதையாவது சொல்லலாம் என்று அவர் தேடிப் பார்த்தார். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ முடிந்தது. அவர் கப்பைக் கழுவினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவள் அலமாரியின் இரண்டாம் தட்டைக் காட்டினாள். அங்கே கவிழ்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.